மயில்துத்தமும் பச்சைப் பாசியும்

நாட்டு மருந்துக் கடையிலோ உரக்கடையிலோ மயில்துத்தம் என்று கேட்டால், மயில் கழுத்தின் நீலத்தில் மின்னும் கட்டிகளைப் பொட்டலம் கட்டித் தருவார்கள். வேதியியலார் இதனைக் காப்பர் சல்பேட் என்பர். செம்பு, கந்தகம், ஆக்சிஜன் ஆகியவற்றோடு நீரும் சேர்ந்த உப்பு இது. 4 கிராம் மயில்துத்தத்தில் ஏறத்தாழ 1 கிராம் செம்பு இருக்கிறது. தொழிற்சாலைகளில் பெருமளவில் தயாராகும் இவ்வுப்பு, உலோகங்களுக்குச் செம்பு முலாம் பூசப் பயன்படுகிறது. சுண்ணாம்புடன் கலந்தால், பூஞ்சை நோய்களுக்குத் தெளிக்கும் போர்டோ கலவை ஆகிறது.

இவற்றோடு இன்னொரு பயனையும் நம் உழவர்கள் அறிவார்கள். நெல் வயலில் பாசி படர்ந்து நாற்றை அமுக்கும்போது, மயில்துத்தத்தைத் துணியில் முடிந்து மடைவாயில் கட்டிவிடுவார்கள். பாயும் நீரில் அது சிறிது சிறிதாகக் கரைந்து வயலுக்குள் செல்லும். சில நாட்களில் பாசி வெளிறி மடியும்.

ஒரு சிறு முடிப்பு ஒரு வயல் நீரை எப்படி மாற்றுகிறது? இவ்வளவு குறைந்த அளவே பாசிக்கு எமனாகுமானால், அதே நீரில் வாழும் மற்ற உயிர்களின் கதி என்ன? அந்நீர் குடிநீராகவும் இருந்தால் நம் கதி என்ன? இக்கேள்விகளுக்கு விடை காண நூறாண்டுகளுக்கும் மேல் பிடித்தது. அந்த வரலாற்றைச் சற்றே பார்ப்போம்.

தூய நீரில் இறந்த பாசி

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியின் மியூனிக் நகரில் கார்ல் நேகலி என்ற தாவரவியல் அறிஞர் இருந்தார். பட்டாணிச் செடி ஆய்வால் புகழ் பெற்ற மெண்டலுடன் கடிதத் தொடர்பு வைத்திருந்த அதே நேகலிதான் இவர். குளங்களில் பச்சை நூல் நூலாக வளரும் ஸ்பைரோகைரா என்ற பாசியை அவர் ஆய்ந்து வந்தார்.

ஒரு விந்தை அவர் கண்ணில் பட்டது. காய்ச்சி வடித்த தூய நீரில் இட்ட பாசி இறந்துபோயிற்று. அழுக்கான குளத்து நீரில் செழிக்கும் பாசி, மாசற்ற நீரில் ஏன் சாக வேண்டும்? நேகலி பொறுமையாக ஆராய்ந்தார். கண்ணாடிக் கலங்களில் மட்டுமே வடித்த நீரில் பாசி உயிரோடிருந்தது. செம்புக் கலத்தையோ பித்தளைக் குழாயையோ தொட்டு வந்த நீரில்தான் அது மடிந்தது. செம்பு நாணயங்களை ஊறவைத்த நீரும் பாசியைக் கொன்றது.

அந்நீரிலிருந்த செம்பின் அளவைக் கணக்கிட்டபோது, 7 கோடியே 70 லட்சம் பங்கு நீரில் 1 பங்கு செம்பே பாசியைக் கொல்லப் போதும் என்று தெரிந்தது. 1 கிராம் செம்பை 77,000 லிட்டர் நீரில் கரைத்ததற்கு இது சமம். 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரிகள் ஆறும் கொள்ளாத நீர் அது! இந்த நுண்ணளவு ஆற்றலுக்கு நேகலி ‘ஆலிகோடைனமிக்’ விளைவு என்று பெயரிட்டார். கிரேக்க மொழியில் ‘ஆலிகோஸ்’ என்றால் சிறிதளவு, ‘டைனமிஸ்’ என்றால் ஆற்றல். 1891-இல் அவர் மறைந்தார். 1893-இல்தான் இந்த ஆய்வுரை வெளியாயிற்று.

நேகலி இன்னொன்றையும் கவனித்தார். நஞ்சாகிவிட்ட அந்நீரில் வடிதாள், கந்தகத் தூள் போன்றவற்றை இட்டால் அதன் கொடுமை தணிந்தது. செம்பு அவற்றின் மேல் ஒட்டிக்கொண்டதே காரணம். இந்தச் சிறு குறிப்பை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இது நமக்குத் தேவைப்படும்.

உணவும் அதுவே, நஞ்சும் அதுவே

செம்பு பாசிக்குப் பகை என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. செம்பு இல்லாவிட்டால் பெரும்பாலான பாசிகளின் பிழைப்பே கெட்டுவிடும்.

ஒளிச்சேர்க்கையின்போது பச்சையம் ஒளியை வாங்குகிறது. அவ்வாற்றலால் எலெக்ட்ரான்கள் ஒரு புரதத்திலிருந்து இன்னொரு புரதத்திற்குக் கைமாறிச் செல்கின்றன. இப்படிக் கைமாற்றும் புரதங்களுள் ஒன்று பிளாஸ்டோசயனின். அதன் நடுவே ஒரு செம்பு அணு அமர்ந்திருக்கிறது. அதனால் அப்புரதம் நீல நிறமாகத் தோன்றும். 1960-இல் காட்டோ என்ற ஜப்பானிய அறிஞர் இதனை முதன்முதலில் கண்டறிந்தது குளோரெல்லா என்ற நன்னீர்ப் பாசியில்தான். செம்பு கிடைக்காத காலத்தில், அதற்குப் பதிலாக இரும்பு கொண்ட வேறொரு புரதத்தை வைத்துச் சமாளிக்கும் பாசிகளும் உள்ளன.

ஆகவே பாசியின் செல், தன்னைச் சுற்றியுள்ள நீரிலிருந்து செம்பை வலிய உள்ளே இழுத்துக்கொள்கிறது. தேவை மிகச் சிறிது. நீரில் செம்பு மிகும்போது தேவைக்கு மேலும் உள்ளே நுழைந்துவிடுகிறது. அங்கேதான் தீமை தொடங்குகிறது.

செம்பு அயனிக்குக் கந்தகம் கொண்ட தொகுதிகளின் மேல் பெரும் நாட்டம் உண்டு. பல நொதிகள் வேலை செய்வதற்கு இத்தொகுதிகளே அடிப்படை. செம்பு அவற்றைப் பற்றிக்கொண்டால் நொதி முடங்கிவிடும். செல்லின் மேற்சவ்வு பழுதுபட்டு, உள்ளே இருக்க வேண்டிய பொட்டாசியம் வெளியே கசியும். ஒளிச்சேர்க்கையில் நீரைப் பிளந்து ஆக்சிஜனை வெளிவிடும் பகுதி தடைப்படும். சில நிலைமைகளில் பச்சையத்தின் நடுவிலுள்ள மக்னீசியத்தை வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் செம்பே குடியேறும். செம்பேறிய பச்சையத்தால் ஒளியாற்றலை ஒழுங்காகக் கைமாற்ற இயலாது. இவை போதாவென்று, ஆக்சிஜனைத் தீவிரமான உருவங்களாக மாற்றி, செல்லின் கொழுப்பையும் புரதத்தையும் அரிக்கச் செய்கிறது செம்பு.

நம் உடலுக்கும் சிறிதளவு செம்பு தேவை. ஆனால் நமக்குத் தோல் உண்டு, குடல் உண்டு, மிகுந்த செம்பைப் பித்தநீர் வழியே வெளியேற்றக் கல்லீரல் உண்டு. பாசிக்கோ அதன் மொத்த உடலும் ஒரே செல். அந்தச் செல்லின் எல்லாப் பக்கமும் நீர். குடிநீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரை செம்பு இருக்கலாம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறை. நேகலியின் பாசியைக் கொன்ற அளவோ லிட்டருக்கு 0.013 மில்லிகிராம். நமக்குத் தீங்கற்றது என்று சான்று பெற்ற நீரும் பாசிக்கு நஞ்சாக இருக்கக்கூடும்.

மூன்று நாள் சோதனை

ஒரு வேதிப்பொருள் பாசிக்கு எவ்வளவு நஞ்சு என்பதை இன்று எப்படி அளக்கிறார்கள்?

1959-இல் நார்வே நாட்டின் நிட்டெல்வா ஆற்றிலிருந்து ஸ்குல்பெர்க் என்ற அறிஞர் ஒரு பசும்பாசியைப் பிரித்தெடுத்தார். பிறைநிலா வடிவில் வளைந்திருக்கும் ஒற்றைச் செல் அது. செலனாஸ்ட்ரம் என்று அழைக்கப்பட்டு வந்த அப்பாசியை இப்போது ராஃபிடோசெலிஸ் என்கிறார்கள். அந்த ஒரே ஆற்றுப் பாசியின் வழித்தோன்றல்கள் இன்று உலகெங்கும் உள்ள ஆய்வுக்கூடங்களில் வளர்க்கப்படுகின்றன.

சோதனை எளியது. சத்துக் கரைசல் நிரப்பிய குடுவைகளில் எண்ணி அளந்த பாசிச் செல்களை இடுவர். ஒரு வரிசையில் நஞ்சு இராது. மற்ற வரிசைகளில் படிப்படியாகக் கூடிய அளவில் நஞ்சு இருக்கும். எல்லாவற்றையும் ஒரே ஒளியில், ஒரே வெப்பநிலையில் 72 மணி நேரம் வைத்திருந்து, நாள்தோறும் செல்களை எண்ணுவர். பாசியின் வளர்ச்சி வேகத்தை எந்தச் செறிவு பாதியாகக் குறைக்கிறதோ, அதுவே அப்பொருளின் நச்சுத்தன்மைக்கு அளவுகோல். அந்த எண் சிறிதாக இருந்தால் நஞ்சு கொடியது என்று பொருள். 1980களின் தொடக்கத்தில் இம்முறை பன்னாட்டு வழிகாட்டு நெறியாயிற்று. புதிய வேதிப்பொருள்களைச் சந்தைக்கு விடுமுன் மீன், நீர்ப்பூச்சி ஆகியவற்றோடு பாசியையும் கொண்டு சோதிப்பது பல நாடுகளில் கட்டாயம்.

பாசியைப் போய் யார் பொருட்படுத்துவார்கள் என்று கேட்கலாம். குளத்தின் சோற்றுப்பானை பாசிதான். நீர்ப்பூச்சி பாசியைத் தின்கிறது, மீன்குஞ்சு நீர்ப்பூச்சியைத் தின்கிறது. பாசி வெளிவிடும் ஆக்சிஜனையே இவை யாவும் சுவாசிக்கின்றன. அடுப்படியில் தீ அணைந்தால் வீடு முழுதும் பட்டினிதானே!

நீருக்கு நீர் மாறும் நஞ்சு

செம்பைக் கொண்டு இச்சோதனையைச் செய்தவர்களுக்கு ஒரு குழப்பம் ஏற்பட்டது. ஒரே பாசி, ஒரே செம்பு. ஆனாலும் ஓர் ஆய்வுக்கூடத்தில் கிடைத்த எண் மற்றோர் ஆய்வுக்கூடத்தில் கிடைக்கவில்லை. யாரிடம் தவறு?

தவறு யாரிடமும் இல்லை. நீர்தான் வேறு வேறாக இருந்தது. பாசிக்குத் தரும் சத்துக் கரைசலில் இரும்பு படிந்துவிடாமல் காக்க ஈ.டி.டி.ஏ. என்ற பொருளைச் சேர்ப்பதுண்டு. நண்டு தன் கொடுக்கால் இரையைப் பற்றுவதுபோல அது உலோக அயனிகளைப் பற்றிக்கொள்ளும். இரும்புக்காகச் சேர்த்த அப்பொருள் செம்பையும் பற்றிக்கொண்டது. நீரில் செம்பு இருந்தும் பாசிக்கு எட்டவில்லை. நேகலியின் வடிதாள் செய்த வேலையும் இதுவே.

1976-இல் சுண்டா, கில்லார்டு என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் கடல் நுண்பாசிகளைக் கொண்டு இதனைத் தெளிவாக நிறுவினார்கள். நீரிலுள்ள மொத்தச் செம்பைப் பார்த்து நச்சுத்தன்மையைச் சொல்ல முடியாது. எதனோடும் கட்டுண்ணாமல் தனித்துத் திரியும் செம்பு அயனியின் அளவே தீர்மானிக்கிறது என்று காட்டினார்கள். நன்னீருக்கும் இவ்வுண்மை பொருந்தும்.

இயற்கை நீர்நிலைகளில் செம்பைக் கட்டிப்போடும் பொருள்கள் பல. மக்கிய இலைதழைகளிலிருந்து கரையும் பழுப்புப் பொருள் செம்பை இறுகப் பற்றும். காரத்தன்மை மிகுந்த நீரில் செம்பு கார்பனேட்டாக மாறி அடியில் படிந்துவிடும். கடின நீரிலுள்ள கால்சியம், செல்லின் வாசலில் செம்போடு போட்டியிட்டு அதை நுழைய விடாமல் தடுக்கும். எனவே தெளிந்த மென்னீரில் கொலையாளியாக இருக்கும் செம்பு, கலங்கிய கடின நீரில் சாதுவாகக் கிடக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1 ஹெக்டேர் பரப்பும் 1 மீட்டர் ஆழமும் உள்ள குளத்தில் 1 கோடி லிட்டர் நீர் இருக்கும். நேகலி கண்ட அளவை எட்ட 130 கிராம் செம்பு, அதாவது சுமார் அரைக் கிலோ மயில்துத்தம் போதும். நடைமுறையிலோ, காரத்தன்மை மிகுந்த ஏரி நீருக்கு லிட்டருக்கு 1 மில்லிகிராம் மயில்துத்தம் வேண்டும் என்பது நெடுநாளாகப் பின்பற்றப்படும் கணக்கு. அதன்படி இக்குளத்து நீர் முழுவதற்கும் 10 கிலோ தேவை. அரைக் கிலோவுக்கும் 10 கிலோவுக்கும் இடையிலுள்ள வேறுபாடு நீரின் குணத்தால் வருவது. இதை அறியாமல் கை அளவாகப் போடுபவர் ஒரு குளத்தில் பாசியைக் கொல்லத் தவறுவார், இன்னொரு குளத்தில் மீனையும் சேர்த்துக் கொன்றுவிடுவார்.

வாசகர்கள் இதனை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். மூன்று கண்ணாடிப் புட்டிகளில் பச்சை நிறமான குளத்து நீரைச் சம அளவில் ஊற்றுங்கள். முதல் புட்டியில் எதுவும் இட வேண்டாம். இரண்டாவதில் உறை நீக்கித் தேய்த்துப் பளபளப்பாக்கிய செம்புக் கம்பிச் சுருளை இடுங்கள். மூன்றாவதில் அதேபோன்ற சுருளோடு, மக்கிய இலைகளை ஊறவைத்து வடிகட்டிய நீரும் சிறிது சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்றையும் வெளிச்சமான இடத்தில், கடும் வெயில் படாமல் வைத்து, நாள்தோறும் வெள்ளைத் தாளின் முன் பிடித்து நிறத்தை ஒப்பிட்டு எழுதி வாருங்கள். உங்கள் ஊர் நீரின் குணத்தை உங்கள் குறிப்பேடே சொல்லும். சோதனை முடிந்த நீரை மீன்தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள்.

58 ஆண்டுகள், 15 லட்சம் கிலோ

ஏரிகளுக்கு மயில்துத்தம் இடும் வழக்கம் பரவக் காரணமானவர்கள் அமெரிக்க வேளாண்மைத் துறையைச் சேர்ந்த மூர், கெல்லர்மன் என்ற இருவர். குடிநீர்த் தேக்கங்களில் பாசி பெருகி நீர் நாற்றமெடுப்பது அந்நாளில் பெருந்தொல்லையாக இருந்தது. செம்பு உப்பை இட்டு அதனைப் போக்கலாம் என்று 1904-இல் இவர்கள் அறிவித்தார்கள். மருந்து மலிவானது, பலனோ கண்கூடு. ஊருக்கு ஊர் இதனைக் கையாளத் தொடங்கினர்.

நீண்ட காலம் இப்படிச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு மின்னசோட்டா மாநிலத்தின் ஃபேர்மான்ட் ஏரிகள் சான்றாகின்றன. அங்கே 58 ஆண்டுகளில் 15 லட்சம் கிலோவுக்கு மேல் மயில்துத்தம் கொட்டப்பட்டது. அதன் பின்விளைவுகளை ஆராய்ந்த அறிக்கை 1984-இல் வெளியாயிற்று.

மருந்து இட்டதும் பாசி இறந்தது உண்மை. இறந்த பாசி அழுகியபோது நீரிலிருந்த ஆக்சிஜன் தீர்ந்தது, மீன்கள் மாண்டன. ஏரியின் அடிமண்ணிலிருந்து பாஸ்பரஸ் மீண்டும் நீருக்கு வந்தது. பாசிக்கு அது நல்ல உரம். ஆகவே 7 முதல் 21 நாட்களுக்குள் பாசி மறுபடியும் தலையெடுத்தது. ஆண்டுகள் செல்லச் செல்லச் செம்பு அடிமண்ணில் சேர்ந்தது. அங்கே வாழும் சிற்றுயிர்கள் குறைந்தன, நீர்ச்செடிகள் மறைந்தன. பசும்பாசிகள் இருந்த இடத்தை நீலப்பசும் பாசிகள் பிடித்துக்கொண்டன. அவற்றுள் சில கூடுதலான செம்பையும் தாங்கப் பழகிவிட்டன. தொல்லை கொடுக்கும் பாசியை ஒழிக்க இட்ட மருந்து, அதனினும் தொல்லையான பாசியை வளர்த்துவிட்டது!

பாம் தீவில் நடந்தது

நீலப்பசும் பாசிகளுள் சில தம் செல்லுக்குள் நஞ்சை உண்டாக்கி வைத்திருக்கும். அத்தகைய பாசியைச் செம்பால் கொன்றால் என்ன ஆகும்? ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துக் கரைக்கு அப்பால் உள்ள பாம் தீவு இதற்கு விடை சொல்கிறது. அங்கே வாழ்பவர்களில் பெரும்பாலோர் அந்நாட்டின் தொல்குடி மக்கள். சாலமன் அணையின் நீரே அவர்களுக்குக் குடிநீர்.

1979-ஆம் ஆண்டு அணை நீரில் பாசி பெருகி, நீரின் சுவையும் மணமும் கெட்டுவிட்டதாக மக்கள் முறையிட்டனர். வழக்கமான மருந்தாகிய மயில்துத்தம் இடப்பட்டது. சில நாட்களில் குழந்தைகள் நோயுற்றனர். முதலில் பசியின்மை, வாந்தி, தலைவலி, வீங்கி நோகும் கல்லீரல். பின்னர் சிறுநீரில் புரதமும் சர்க்கரையும் வெளியேறின. இரத்தங் கலந்த வயிற்றுப்போக்கும் கண்டது. மொத்தம் 148 பேர்; அவர்களில் 138 பேர் குழந்தைகள். நல்லவேளையாக உயிரிழப்பு நேரவில்லை. காரணம் புரியாத மருத்துவர்கள் இதனைப் ‘பாம் தீவின் மர்ம நோய்’ என்றார்கள்.

மர்மம் மெல்ல விலகியது. அணையிலிருந்து பிரித்தெடுத்து வளர்த்த சிலிண்ட்ரோஸ்பெர்மாப்சிஸ் என்ற நீலப்பசும் பாசி, சுண்டெலிகளின் கல்லீரலைச் சிதைத்தது என்று 1985-இல் ஆய்வாளர்கள் அறிவித்தனர். 1992-இல் அந்நஞ்சின் வேதி அமைப்பும் தெரிந்தது. பாசியின் பெயரை ஒட்டி அதற்குச் சிலிண்ட்ரோஸ்பெர்மாப்சின் என்று பெயரிட்டார்கள். கொதிக்க வைத்தாலும் எளிதில் அழியாத நஞ்சு அது.

செம்பு தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. பாசியின் செல்களை உடைத்தது. உடைந்த செல்களுக்குள் அடைபட்டிருந்த நஞ்சு ஒரே சமயத்தில் நீரில் கரைந்து குழாய் வழியே வீடுகளுக்குச் சென்றது என்பதே பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்றுக்கொண்ட விளக்கம். பாம்பை அடித்தவர்கள் அதன் நச்சுப்பையைக் குடிநீரில் பிழிந்துவிட்டார்கள்.

இந்த அனுபவத்திற்குப் பின் நீர்த்தேக்கப் பொறியாளர்கள் நுண்ணோக்கியை முதலில் நாடுகிறார்கள். எந்தப் பாசி, எவ்வளவு என்று பார்க்கிறார்கள். மருந்து இட வேண்டியிருந்தால் பாசி பெருகுமுன், செல்கள் சிலவாக இருக்கும்போதே இட வேண்டும். பெருகிய பின் இட நேர்ந்தால் அந்நீரைப் பல நாட்களுக்குக் குடிநீராக எடுக்கக் கூடாது. கரைந்த நஞ்சை மணல் வடிகட்டி நிறுத்தாது. செறிவூட்டிய கரியால் அதனை உறிஞ்சி எடுக்கலாம்.

வயலுக்குத் திரும்புவோம்

மடைவாயில் கட்டிய முடிப்பை மறந்துவிடவில்லை. நெல் வயலில் படரும் பாசிகள் எல்லாம் ஒரே இனம் அல்ல. நாற்றைப் போர்த்தி அமுக்கும் இழைப்பாசியும் அங்கே உண்டு. காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்கு உரமாக்கும் நீலப்பசும் பாசியும் உண்டு. நெல் வயல்களின் வளம் குன்றாமல் இருப்பதில் இப்பாசிகளுக்குப் பங்குண்டு என்பதை 1939-இல் பி. கே. டே என்ற இந்திய அறிஞர் எடுத்துக்காட்டினார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் டி. வி. தேசிகாச்சாரி 1959-இல் வெளியிட்ட நீலப்பசும் பாசி நூல் இன்றும் உலக ஆய்வாளர்கள் எடுத்துப் பார்ப்பது.

செம்புக்கு நண்பன் யார், பகைவன் யார் என்று தெரியாது. தேவைப்படும் வேளையில், பரிந்துரைத்த அளவில், மயில்துத்தம் ஒரு நல்ல கருவி. ஆண்டுதோறும் வழக்கமாக இடுவதென்றால், செம்பு மண்ணோடு தங்கிக்கொண்டே போகும். அது மக்கி மறையும் பொருள் அல்ல. பாசி மிகுவதற்கு மூலகாரணம், நீரில் மிகுந்துபோன தழைச்சத்தும் மணிச்சத்தும். கழிவுநீரையும் மிகையான உரத்தையும் குளத்தில் விட்டுக்கொண்டே மயில்துத்தம் போடுவது, ஒரு கையால் சோறூட்டிக்கொண்டே மறு கையால் அடிப்பது போன்றதாகும்.

அடுத்த முறை அந்த நீலக் கட்டியைக் கையில் எடுக்கும்போது, எவ்வளவு போடலாம் என்று கேட்பதற்கு முன், இந்த நீர் எப்படிப்பட்டது, இதில் வாழும் பாசி எது, அது இறந்த பின் நீரில் எதை விட்டுச்செல்லும் என்று மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்வோம். பாம் தீவில் இக்கேள்விகளைக் கேட்க ஆளில்லாமல் போயிற்று. விலையைக் கொடுத்தவர்கள் குழந்தைகள்.